குளோரின் இருக்கிறது, வேலை செய்கிறதா?

வீட்டு நீச்சல் குளத்தில் முந்தின நாள்தான் குளோரினை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். மறுநாள் சோதனைக் குழாயில் நீர் பிடித்து மாத்திரையைப் போட்டால் ஒரு கணம் இளஞ்சிவப்பு தெரிந்து மறையும். குளோரின் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மேலும் கொட்டுகிறவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறானது. டி.பி.டி. என்ற அந்த மாத்திரை குளோரின் பட்டால் சிவக்கும். குளோரின் மிதமிஞ்சிப் போனால் சிவந்த சாயத்தையே வெளுத்துவிடும். ஐயமிருந்தால் ஒரு பங்கு குளத்து நீரில் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, கிடைக்கும் எண்ணை 5 ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

எண் சரியாக வந்தாலும் அது பாதிக் கதைதான். நீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. கிருமியின் மேற்பரப்பில் எதிர் மின்சுமை இருக்கிறது. அமிலத்துக்கு மின்சுமை இல்லாததால் அது சுலபமாக உள்ளே நுழைந்துவிடும். அயனிக்கும் எதிர் மின்சுமை என்பதால் அது விலக்கித் தள்ளப்படும். எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது, நீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் பி.எச். அளவு. 7.5 இல் ஏறக்குறைய சரிபாதி. 7 இல் முக்கால் பங்கு அமிலம். 8 இல் கால் பங்குதான். சோதனை மாத்திரைக்கோ இரண்டும் ஒன்றுதான், வேறுபாடு காட்டாது. பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். நம் கண்ணீரின் பி.எச்.சும் இந்த எல்லைக்குள்தான், சுமார் 7.4.

மூக்கும் ஏமாற்றும். குளத்தில் சுள்ளென்று ஏறும் நெடியைக் ‘குளோரின் அதிகம்’ என்று படித்தால் தவறு. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றின் நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து குளோரமின் ஆகிறது. நெடியும் கண்ணெரிச்சலும் அதன் வேலை. நீரிலுள்ள மொத்தக் குளோரினிலிருந்து, எதனோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் தனிக் குளோரினைக் கழித்தால் மிஞ்சுவது இந்தக் கட்டுண்ட குளோரின். இதைப் போக்க, கட்டுண்ட அளவைப்போல் சுமார் 10 மடங்கு குளோரினை ஒரேயடியாகச் சேர்ப்பது வழக்கம். நெடிக்கு மருந்து இன்னும் குளோரின் என்பது வேடிக்கைதான்.

திறந்த வெளிக் குளத்தில் வெயில் வேறு போட்டி. புற ஊதாக் கதிர் சில மணி நேரத்தில் குளோரினில் பெரும்பகுதியை உடைத்துவிடும். இதைத் தடுக்கக் குடையாக வருவது சயனூரிக் அமிலம்; லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் போதும். கூடினால் குளோரினை இறுகப் பிடித்துக்கொண்டு கிருமிக்கு எதிராக விடாது. அது இருக்கும் குளத்தில் மேலே சொன்ன பி.எச். கணக்கும் அவ்வளவு கறாராகப் பொருந்தாது. ஆவியாகாத பொருள் அது. சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வரும் டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரையைப் போடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். குறைக்கக் குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் நிரப்புவதுதான் நம்பகமான வழி.

பி.எச். நிலையாக நிற்க மொத்தக் காரத்தன்மை வேண்டும். பி.எச்.சை ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் இந்தத் தன்மையைத் தருவது பெரும்பாலும் நீரிலுள்ள பைகார்பனேட்டுதான். லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் இருந்தால் நல்லது. குறைந்தால் ஒரு கரண்டி அமிலத்துக்கே பி.எச். தடாலென்று விழும். கூடினால் எவ்வளவு இறக்கினாலும் மெல்ல மேலேறும். கால்சியம் குறைந்த நீர் சிமெண்ட் பூச்சை அரிக்கும். அதிகமானால் வெள்ளைப் படிவு படியும். பி.எச். காரத்தன்மையையும், குளோரின் வேலை பி.எச்.சையும் சார்ந்திருப்பதால் முதலில் காரத்தன்மை, பிறகு பி.எச்., கடைசியில் குளோரின் என்ற வரிசையில் சரிசெய்வது நல்லது. வரிசையை மாற்றினால் ஒன்றைத் திருத்த மற்றொன்று கலையும்.

சோதனைக்கான நீரை மேற்பரப்பில் அள்ளாமல், நீர் உள்ளே வரும் துளையிலிருந்து விலகி, முழங்கை ஆழத்தில் எடுக்க வேண்டும். மருந்தைச் சிறு அளவாகப் போட்டு, பம்பைச் சில மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்புவது நச்சு வாயு.