பித்தப்பைக் கல்லுக்கு வாழைத்தண்டு என்ன செய்யும்?

"சார், எத்தனை மி.மீ. வரைக்கும் தண்ணி குடிச்சே கரைச்சுடலாம்?"

பித்தப்பையில் கல் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருபவர்களில் பலரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். கையில் ரிப்போர்ட், வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு வாரமாக வாழைத்தண்டுச் சாறு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கிட்னியில் இருந்தாலும் கல், பித்தப்பையில் இருந்தாலும் கல் என்றுதான் நாம் சொல்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். என் வெளிநோயாளர் அறையில் பாதி நேரம் இந்த இரண்டு கற்களையும் பிரித்துக் காட்டுவதிலேயே போய்விடும்.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை எதையும் தயாரிப்பதில்லை. நாம் சாப்பிடாத நேரத்தில் வரும் பித்தநீரை வாங்கி, தண்ணீரை உறிஞ்சி, சுண்டவைத்துச் சேமித்துக்கொள்ளும். கொள்ளளவு 30 முதல் 50 மி.லி.தான். எண்ணெயும் கொழுப்புமாகச் சாப்பிட்டதும் சுருங்கி, சேமித்ததைக் குடலுக்குள் அனுப்பும். சுண்டிய பித்தநீரில் கொலஸ்ட்ராலோ பிலிருபின் என்ற நிறமியோ அளவுக்கு மீறினால், அடியில் மண்டி போலத் தங்கி நாளடைவில் கல்லாகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. பித்தப்பையைக் கழுவிக்கொண்டு ஓடுவதில்லை. வாழைத்தண்டுச் சாறும் அப்படித்தான். குடியுங்கள், உடம்புக்கு நல்லது. கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு விஷயத்தைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கிட்னியில் 3 மி.மீ. கல் என்றால் நல்ல செய்தி, பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். பித்தப்பையில் 3 மி.மீ. கல் என்றால் நான் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பேன். 20 மி.மீ. கல் பைக்குள்ளேயே கிடக்கும், மிஞ்சிப்போனால் பையின் வாயை அடைக்கும். கடுகளவு கல்தான் நழுவிப் பொதுப் பித்தக்குழாய்க்குள் இறங்கி, மஞ்சள் காமாலையையும் கணைய அழற்சியையும் கொண்டுவரும். "சின்னக் கல்தானே டாக்டர்" என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

யாருக்கு வரும்? பெண்களுக்கு அதிகம், பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் அதிகம். உடல் பருமன், சர்க்கரை நோய், குடும்பத்தில் பலருக்கு இருப்பது இவையெல்லாம் காரணங்கள். வேகமாக எடை குறைப்பதும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் மூன்று மாதத்தில் இருபது கிலோ குறைத்த ஒரு தம்பி, தேனிலவுக்குப் போகவேண்டிய வாரத்தில் என் வார்டில் படுத்திருந்தார். பட்டினி கிடந்தால் பை சுருங்கி விரிவது குறைகிறது. கரையும் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் கொட்டுகிறது. "நான் ஒல்லி, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் நார்மல், எனக்கு எப்படி?" என்று கேட்பவர்களும் உண்டு. ரத்தக் கொலஸ்ட்ராலை வைத்துக் கல்லைக் கணிக்க முடியாது. ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்களுக்குப் பள்ளி வயதிலேயே கறுப்பு நிறமிக் கற்கள் வருகின்றன.

இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மா ஒன்றரை வருடமாகக் கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வயிற்றில் வலி. ஓமத்தண்ணீர், சோடா, பெருங்காயம் எல்லாம் முடித்து, விடியும்போது வலி தானே அடங்கிவிடும். "நெஞ்சுக்குழியில கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும் சார், வலது தோள்பட்டைக்குப் பின்னாடி போய்க் குத்தும்" என்றார். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு சரியான வர்ணனை இல்லை. அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை நீடித்து, ஏப்பம் விட்டாலும் மலம் கழித்தாலும் குறையாமல், நிதானமாக அழுத்தும் வலி வாயுவால் வருவதல்ல. கல் பையின் வாயில் வந்து உட்கார, பை அதைத் தள்ளப் பார்ப்பதால் வரும் வலி. வெறும் வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: நாற்பது தாண்டியவருக்கு நெஞ்சுக்குழியில் வலி என்றால் முதலில் ஈ.சி.ஜி., அப்புறம்தான் மற்றதெல்லாம். மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கும்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் தற்செயலாகக் கல் தெரிந்து, ஒரு நாளும் வலித்திராதவர்கள், பயந்துபோய் "எப்ப ஆபரேஷன்?" என்று கேட்பார்கள். வலியே தராத கற்கள் உள்ள நூறு பேரில் ஒரு வருடத்தில் தொந்தரவு வருவது ஒருவரிலிருந்து நான்கு பேருக்குத்தான். மற்றவர்களைச் சும்மா விடுவதே சரி. 3 செ.மீ.க்கு மேல் பெரிய கல், பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, கூடவே ஒரு செ.மீ. அளவுக்குப் பாலிப் (பையின் உட்சுவரில் வளரும் சிறு சதை) இருப்பது, ரத்தச் சிதைவு நோய் போன்ற சில நிலைகளில் மட்டும் வலி இல்லாவிட்டாலும் அறுவை பற்றிப் பேசுவோம். பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளி மாநிலங்களில் அதிகம். தெற்கே அவ்வளவு இல்லை. வடக்கே ஒரு மருத்துவர் சொல்லும் ஆலோசனையை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. கண் மஞ்சள், சிறுநீர் காபி நிறம், மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போல, உடம்பெல்லாம் அரிப்பு. கல் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் இவை. அப்படி இருந்த ஒரு பெரியவருக்கு மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாத கஞ்சி ஊற்றி வைத்திருந்தார்கள். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே சரியாகிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். அடைப்பால் வரும் காமாலை அப்படிச் சரியாகாது. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தபோதுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழாய்க்குள் சீழ். பிழைத்துக்கொண்டார், ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள். காமாலை என்றால் எந்த வகை என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லட்டும், அதற்கு ஒரு நாள் போதும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். கரைக்கும் மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: உர்சோடியாக்சிகோலிக் அமிலம். கொலஸ்ட்ரால் கல்லாக, சிறியதாக, சுண்ணாம்பு படியாததாக, பை நன்றாகச் சுருங்கி விரிவதாக இருந்தால் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கரையலாம். நிறுத்திய ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல் திரும்ப வருகிறது. அதிர்வலையால் உடைப்பது கிட்னிக்கு நல்ல வழி. இங்கே உடைந்த துகள்கள் குழாய்க்குள் இறங்கித் தொல்லை தரும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து மறுநாள் பச்சை உருண்டைகளாகக் கல் வெளியேறிய வீடியோவை எனக்கு மாதம் ஒருவர் அனுப்புகிறார். அந்த உருண்டைகளை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குடித்த எண்ணெய் குடலில் சோப்புக்கட்டியாகத் திரண்டதுதான் அது.

வலி தரும் கல்லுக்குப் பித்தப்பையையே எடுப்பதுதான் வழி. "கல்லை மட்டும் எடுக்கக் கூடாதா?" என்றால், கல்லை உண்டாக்கிய பை அங்கேயே இருக்குமே. 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தபோது அவர் யோசித்ததும் இப்படித்தான். 1985இல் ஜெர்மனியின் எரிக் மூஹே அதைத் துளை வழியாக, அதாவது லேப்ராஸ்கோபி முறையில், செய்து காட்டினார். 1990இல் மும்பையில் டெம்டன் உத்வாடியா இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வழக்கமாக நடக்கிறது. பொதுவாக நான்கு சிறு துளைகள்; ஓரிரு நாளில் வீடு, ஓரிரு வாரத்தில் வேலை. வயிற்றுக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடால் இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும், பயப்படவேண்டாம். ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தக்குழாயில் காயம் படலாம். பை வீங்கி எல்லாம் ஒட்டிப்போய், எது எந்தக் குழாய் என்று தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வோம். "லேப்ராஸ்கோபி ஃபெயில் ஆயிடுச்சாமே" என்று உறவினர்கள் முணுமுணுப்பார்கள். அது தோல்வியல்ல, அந்த நேரத்தில் எடுக்கவேண்டிய சரியான முடிவு.

கல் குழாய்க்குள் இறங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டு கட்டம். முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோபி செலுத்தி, இ.ஆர்.சி.பி. முறையில் குழாயிலிருக்கும் கல்லை எடுப்போம், அடுத்து பித்தப்பை. முதல் கட்டம் முடிந்ததும் வலி போய்விடும், ஆளும் வீட்டுக்குப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து அடுத்த கல்லோடு திரும்பி வருவார்.

பை போனபின் சாப்பாடு? பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும், செரிமானம் நடக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகலாம். இட்லிக் கடை அம்மா ஒரு மாதம் எண்ணெயைக் குறைத்தார், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்குத் திரும்பிவிட்டார்.

அவர் தையல் பார்க்க வந்தபோது, எடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்ததை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னார். பயாப்சி ரிப்போர்ட் எங்கே என்றேன். விழித்தார். எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். எப்போதாவது ஒருவருக்கு யாரும் எதிர்பார்க்காத புற்றுநோய் அதில்தான் தெரியவரும். பாட்டிலை மறக்காமல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் காகிதத்தை விட்டுவிடுகிறார்கள். அவருடைய மகனை அனுப்பி லேபிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். நாள்பட்ட அழற்சி, வேறொன்றுமில்லை என்று எழுதியிருந்தது. படித்துக் காட்டி, டிஸ்சார்ஜ் ஃபைலுக்குள்ளேயே செருகிக் கொடுத்தனுப்பினேன்.