பழைய மியூசிக் பிளேயரைக் கார் ஸ்டீரியோவுடன் இணைக்கும் முன்

பழைய ஐபாடையோ எம்பி3 பிளேயரையோ கையில் வைத்துக்கொண்டு, இதைக் காரில் பாட வைக்க முடியுமா என்று கேட்டு வருபவர்களில் பலர், ஸ்டீரியோவையே மாற்ற வேண்டியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். வாகன ஒலியமைப்பு வேலையில் நான் பார்த்தவரை, அந்த அவசியம் ஏற்படுவது அரிது. பாட்டு வரும் வழி வேறு, மின்சாரம் வரும் வழி வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியே சரிபார்த்தால் போதும். பெரிய தொல்லைகள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் வருகின்றன.

ஸ்டீரியோவில் ஆக்ஸ் ஜாக், அதாவது வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் துளை, இருந்தால், இரு முனைகளிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஒரு கேபிளே போதுமானது. ஆனால் பிளேயரின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து வருவது, அதன் வால்யூமுக்குக் கட்டுப்பட்ட ஒலி என்பதை மறக்கக் கூடாது. பிளேயரில் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு ஸ்டீரியோவில் ஏற்றினால், பாட்டோடு பின்னணி இரைச்சலும் சேர்ந்து பெருகும். அதே நிலையில் ரேடியோவுக்கு மாற்றினால் காது அதிரும். பிளேயரில் முழுதாக ஏற்றி வைத்தாலோ பல கருவிகளில் ஒலி கரகரக்கும். முக்கால் அளவுக்குச் சற்று மேலே வைத்து, பிளேயரின் ஈக்வலைசரை அணைத்துவிட்டு, மீதியை ஸ்டீரியோவில் கூட்டிக் குறைப்பதே சரியான முறை. 2003-இல் ஐபாடுகளுக்கு வந்த 30 பின் இணைப்பில், வால்யூமால் மாறாத லைன் அவுட் ஒலி பெரும்பாலான மாடல்களில் கிடைக்கிறது. அதற்குரிய கேபிள் கைவசம் இருந்தால் ஹெட்போன் ஜாக்கை நாடவே வேண்டாம்.

‘இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் காணவில்லை’ என்பது நான் அடிக்கடி கேட்கும் புகார். கேட்பவர்கள் ஸ்பீக்கரைச் சந்தேகிப்பார்கள். குற்றவாளியோ கேபிளின் பின். அதில் எர்த் இணைப்பு விட்டுப்போனால், இடது, வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கர்களுக்குப் போய்ச் சேரும். குரல் பொதுவாக இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால், அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். பின் முழுதாக உள்ளே போகாவிட்டாலும், வீடியோவுக்கும் சேர்த்து அமைக்கப்பட்ட, நான்கு உலோகப் பகுதிகள் உள்ள பின்னை மூன்று பகுதிகளுக்கான ஜாக்கில் செருகினாலும் இதே விளைவு நேரலாம். எதையும் கழற்றுவதற்கு முன், பின்னை லேசாகத் திருகிப் பாருங்கள். குரல் வந்து வந்து போனால், மாற்ற வேண்டியது கேபிளாகவோ தளர்ந்த ஜாக்காகவோதான் இருக்கும்.

ஆக்ஸ் இல்லாத ஸ்டீரியோவில் கேசட் இயங்குமானால், கேசட் வடிவில் உள்ளே செருகி, அதன் ஒயரைப் பிளேயரில் மாட்டும் கேசட் அடாப்டரே என் முதல் தேர்வு. சற்றுப் பழைய பாணிதான், ஆனாலும் பிளேயரின் பாட்டைக் காரின் ரேடியோவுக்கு ஒலிபரப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைவிட நிதானமாக வேலை செய்யும். டிரான்ஸ்மிட்டருக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் காலியான இடம் வேண்டும். பெரிய ஊர்களில் அது கிடைப்பது கடினம், பயணத்தின்போது இடம் மாறிக்கொண்டும் இருக்கும். ஸ்டீரியோவில் புளூடூத் மட்டும் இருந்தால், பிளேயரின் ஹெட்போன் ஜாக்கில் செருகும் சிறு புளூடூத் டிரான்ஸ்மிட்டர் உதவக்கூடும். எனினும் கைப்பேசியை மட்டுமே எதிர்பார்த்து இணைப்புக்கான கடவு எண் கேட்கும் ஸ்டீரியோக்கள் அதை ஏற்காமல் போவதும் உண்டு. யூஎஸ்பி வழியாக இணைக்கும்போது பிளேயர் தெரியவில்லை என்றால், அதன் அமைப்புகளில் யூஎஸ்பி முறை எம்டிபி (MTP) என்றிருந்தால், பிளேயரைப் பென் டிரைவ் போலக் காட்டும் எம்எஸ்சி (MSC) என மாற்றிப் பாருங்கள்.

இனி மின்சாரம். பேட்டரியில் ஓடும்போது தெளிவாகப் பாடும் பிளேயர், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரைச் செருகியதும் கூவத் தொடங்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்தக் கூவலின் சுருதியும் ஏறினால், அது இன்ஜின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆக்ஸ் கேபிள் வழியாக இன்னோர் எர்த் என இரு பாதைகள் சேர்ந்து ஒரு வளையமாவதே காரணம். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் சந்தேகமே வேண்டாம். ஆக்ஸ் கேபிளின் நடுவே, சிறு டிரான்ஸ்பார்மர்களைக் கொண்ட கிரவுண்டு லூப் ஐசொலேட்டரைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மட்டமான ஐசொலேட்டர் தாழ்ந்த சுருதிகளைச் சற்று மெலிதாக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கூவலுக்காக ஸ்டீரியோவின் எர்த் ஒயரைத் துண்டித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், மின்னோட்டம் ஒலிக் கேபிளின் மெல்லிய எர்த் வழியே திரும்ப முயன்று பிளேயரையே கெடுத்துவிடலாம்.

ஐபாடைப் பொருத்தி வைக்கும் பழைய கார் டாக்குகள் சிலவற்றில் 30 பின் இணைப்பின் 12 வோல்ட் பாதையில் மின்சாரம் தருவார்கள். பின்னால் வந்த மாடல்கள் 5 வோல்ட்டை மட்டுமே ஏற்கும் என்பதால், அந்த டாக்கில் பாட்டு வரும், சார்ஜ் ஏறாது. இதைப் பேட்டரி பழுது என்று எண்ணிப் பிளேயரைத் திறக்க வேண்டியதில்லை.

உண்மையாகவே அஞ்ச வேண்டியது வெப்பம். ஐபாடு 35 டிகிரி செல்சியஸ் வரை இயங்கவும், அணைத்த நிலையில் 45 டிகிரி வரை வைத்திருக்கவும் ஏற்றது என அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறார். வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் காரின் உட்புறம் இதை எளிதில் தாண்டிவிடும். இதில் பேட்டரியின் வயதும் சேர்ந்துகொள்கிறது. முதல் தலைமுறை ஐபாடு நானோவின் பேட்டரி அதிகம் சூடாகக்கூடும் என்று 2011-இல் ஆப்பிள் நிறுவனமே அறிவித்து, 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்றவற்றுக்கு மாற்றுக் கருவி தர முன்வந்தது. ஆகவே சார்ஜரைச் செருகும் முன் பிளேயரைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். அது ஆடினாலோ, பின்மூடி உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் தூக்கி நின்றாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் செய்யவும் கூடாது, அழுத்தி மூடவும் கூடாது. காரிலிருந்து அகற்றி, பேட்டரி மாற்றத் தெரிந்த பழுதுநீக்குநரிடமோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ ஒப்படைத்துவிட வேண்டும்.