சாக்கில் 'எரிமலை மண்' என்று எழுதியிருந்தால் போதுமா?

போன மாதம் காஜாங்கிலிருந்து பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு மைலோ டின். மூடியைத் திறந்தால் செங்கல் நிறத்தில் மொறுமொறுவென்று ஏதோ இருந்தது. "எரிமலை மண் தம்பி. இணையத்தில் பத்து சாக்கு வாங்கினேன். மூன்று மாதமாகிறது, மிளகாய்ச் செடி ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை. எரிமலை மண்ணைப் போலச் செழிப்பான மண் உண்டா? பிள்ளைகளுக்கு நானே அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன்" என்றார்.

கொட்டிப் பார்த்தேன். அது மண்ணே இல்லை. துளை துளையாக நுரைத்து இறுகிய எரிமலைக் கல்லை நொறுக்கிச் சலித்திருக்கிறார்கள். ஆர்க்கிட் தொட்டிக்கும் கள்ளிச் செடிக்கும் அருமையான சரக்கு, தண்ணீர் தேங்காது. மிளகாயை அதில் மட்டும் நட்டால் பட்டினிதான். விற்றவர் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது, எரிமலையிலிருந்து வந்ததுதானே. சாரிடம் இதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உண்மையில் எரிமலை மண் செழிப்பானதா?

ஐஸ்லாந்தின் நடுப்பகுதி முழுக்க ஒரு பெரிய எரிமலைப் பீடபூமி. ஆள் குடியிருப்பு கிடையாது. அங்கே உள்ள ஆஸ்க்யா எரிமலை 1875 மார்ச்சில் வெடித்தது. கிழக்குப் பக்கத்துப் பண்ணைகளில் சாம்பல் படிந்து, பல குடும்பங்கள் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறின. எட்டு ஆண்டுகள் கழித்து, 1883 ஆகஸ்டில், நமக்குப் பக்கத்தில் சுந்தா நீரிணையில் கிராக்கத்தாவ் வெடித்தது. தீவில் ஒரு புல்கூட மிஞ்சவில்லை என்றார்கள். மூன்றே ஆண்டில், 1886இல், மெல்கியோர் திரூப் என்ற தாவரவியலாளர் போய்ப் பார்த்தபோது சாம்பலின் மேல் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தது, அதன் மேல் பெரணிச் செடிகள். ஐம்பது ஆண்டுக்குள் காடே வந்துவிட்டது. ஆஸ்க்யாவைச் சுற்றி இன்றைக்கும் பெரும்பகுதி கருப்பும் சாம்பலுமாக மொட்டையாகவே கிடக்கிறது. 1965லும் 1967லும் நாசா தன் அப்பல்லோ விண்வெளி வீரர்களை நிலவியல் பயிற்சிக்கு அங்கேதான் கூட்டிப்போனது.

இரண்டும் எரிமலைதான். அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்?

எரிமலைக் கல்லில் கால்சியம், மக்னீசியம், பாஸ்பரஸ் எல்லாம் உண்டு. ஆனால் பத்தாயத்தில் நெல் இருப்பது வேறு, சோறு தட்டில் இருப்பது வேறு. கல் கரைந்து சத்து வெளியே வர வெப்பம் வேண்டும், தண்ணீர் வேண்டும், வேரும் நுண்ணுயிரும் வேண்டும். ஐஸ்லாந்து மேட்டில் குளிர். மழை போதுமான அளவு பெய்யும் இடங்கள்கூட அங்கே பாலைவனமாகவே இருக்கின்றன, ஏனென்றால் கண்ணாடித் துகள் மாதிரியான அந்தக் கரடு மணலில் தண்ணீர் நிற்பதில்லை. தப்பித் தவறி ஒரு விதை முளைத்தால், மண்ணுக்குள் உறையும் பனி ஊசி ஊசியாக மேலெழும்பி நாற்றை வேரோடு தூக்கிப் போட்டுவிடும். மிச்சத்தைக் காற்றில் பறக்கும் மணல் அராவிவிடும். மனிதர் கைவரிசையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் பிர்ச் மரங்களை வெட்டினார்கள், செம்மறி மேய்த்தார்கள், இருந்த நல்ல மண்ணும் காற்றோடு போயிற்று. 1907இலேயே மண் காப்புக்கென்று அரசுத் துறை தொடங்க வேண்டிய நிலை வந்தது அந்த நாட்டுக்கு.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். அந்தப் பாலை மண்ணில் ஒரு பிடி எடுத்து, அமில, காரத் தன்மையை அளக்கக் கடையில் விற்கும் பிஎச் கருவியைக் குத்தினால் 7ஐ ஒட்டி, அதாவது நடுநிலை என்று காட்டும். 'பிரமாதமான மண்' என்று கருவி சொல்லும். அங்கே ஒன்றும் முளைக்காததற்குக் காரணம் கருவிக்குத் தெரியாது. மக்கிய தாவரத்திலிருந்து வரும் அங்கக கார்பன் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே, தழைச்சத்து ஏறக்குறைய இல்லை, களிமண் இல்லை, ஈரம் தங்காது. மண்ணின் தரம் என்பது ஒரு எண்ணில் அடங்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு நேரெதிர் நம் மலேசியாவிலேயே இருக்கிறது. குவாந்தான் பக்கம் போனவர்கள் அந்தச் செம்மண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பசால்ட் என்ற எரிமலைக் கல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் வயது பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். ஆழம் உண்டு, வேர் சுலபமாக இறங்கும், எவ்வளவு மழையானாலும் வடிந்துவிடும். பார்த்தவர் யாரும் மயங்குவார்கள். ஆனால் இத்தனை காலத்து மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. எஞ்சியது இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். பிஎச் 5க்கும் கீழே போகும். பாஸ்பேட் உரத்தைத் தூவினால் அந்த ஆக்சைடுகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பயிருக்குக் கொஞ்சந்தான் மிஞ்சும்.

ஐஸ்லாந்து மண் இன்னும் பிறக்கவே இல்லை, குவாந்தான் மண்ணுக்கு வயதாகிவிட்டது. நடுவில் இருப்பது ஜாவா. மெராப்பி போன்ற எரிமலைகள் அடிக்கடி புதுச் சாம்பலைத் தூவிக்கொண்டே இருக்கின்றன, வெப்பமும் மழையும் அதை உடனுக்குடன் கரைக்கின்றன. சாரின் பாடப் புத்தகம் சொன்ன எரிமலை மண் அதுதான். அதற்கும் ஒரு குணம் உண்டு. சாம்பல் மண்ணில் உருவாகும் அல்லோபேன் என்ற கனிமமும் பாஸ்பேட்டை விழுங்கும். இந்த வகை மண்ணை அடையாளம் காண்பதற்கான அளவுகோல்களில் ஒன்றே, போட்ட பாஸ்பேட்டில் 85 விழுக்காட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா என்பதுதான். இன்னொன்று எடை. ஒரு கன சென்டிமீட்டர் 0.9 கிராமைத் தாண்டாது, பஞ்சு மாதிரி. களத்தில் ஒரு சின்ன வித்தை செய்வோம். காரம் பட்டால் சிவக்கும் பினால்ப்தலீன் தாளில் கொஞ்சம் மண்ணை வைத்து சோடியம் புளோரைடு கரைசலைச் சொட்டினால், அல்லோபேன் இருக்கும் மண் தாளைச் சிவப்பாக்கிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் செய்து காட்டுவதில் எனக்கு இன்றும் ஒரு குஷி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஏமாந்திருக்கிறேன். பகாங்கில் செம்மண் மேட்டில் ஒரு செம்பனைத் தோட்டம். நாள் முழுக்க ஆகர் என்ற மண் துளைக்கும் கருவியைக் குத்தி மாதிரி எடுத்தேன். முடிவைப் பார்த்தால் பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் எக்கச்சக்கம். உரத்தைக் குறைக்கலாம் என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். மறுமுறை போனபோது தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் சிரித்தார். "தம்பி, நீங்கள் குத்தினதெல்லாம் மரத்தடி வட்டத்தில். நாங்கள் உரம் கொட்டுகிற இடமே அதுதானே!" மரத்தடி வட்டத்தையும் வரிசைகளுக்கு இடைப்பட்ட நிலத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்பது பாடத்தில் இருந்ததுதான். வெயிலில் மறந்து போயிற்று. கூடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தாலும், தவறாக எடுத்த மாதிரியை அது திருத்தித் தராது.

அதனால் மாதிரி எடுப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிலத்தில் கோணல்மாணலாக நடந்து பதினைந்து இருபது இடங்களில் எடுங்கள். மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு 15 சென்டிமீட்டர் ஆழம் வரை. எரு கொட்டிய இடம், வேலியோரம், நடைபாதை, குப்பை எரித்த இடம் வேண்டாம். நிறமோ சரிவோ மாறினால் அது தனி மாதிரி. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலக்குங்கள், துத்தநாகம் பூசிய தகர வாளியில் கலந்தால் துத்தநாக அளவு கெட்டுவிடும். அரைக் கிலோ போதும். நிழலில் உலர்த்துங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் கரைந்துவிடும். உரம் போட்ட சூட்டோடு எடுக்காதீர்கள்.

கூடத்தில் உலர்ந்த மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துத்தான் வேலையைத் தொடங்குவோம். பிஎச், அங்கக கார்பன், சத்துகளைப் பிடித்து வைக்கும் திறன், களி–வண்டல்–மணல் விகிதம் எல்லாம் பார்ப்போம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பாஸ்பரஸை எந்த முறையில் அளந்தீர்கள்? நம் அமில மண்ணுக்கு பிரே முறை ஒத்துவரும். ஓல்சன் முறை சுண்ணாம்பு மண்ணுக்கென்று வந்தது. ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் அட்டவணையோடு ஒப்பிட்டு உரம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோலாலம்பூர் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் கதை வேறு. அங்கே நிலம் என்பது பெரும்பாலும் எங்கோ குன்றை வெட்டி லோரியில் கொண்டுவந்து கொட்டிய அடிமண். சிமெண்டுத் துண்டுகள் கலந்திருந்தால் பிஎச் ஏறி, இரும்புச் சத்து கிடைக்காமல் இலை மஞ்சளடிக்கும். முன்பு வெள்ளீயச் சுரங்கம் இருந்த இடமானால் வெறும் மணல், சில இடங்களில் ஆர்செனிக்கும் இருக்கலாம். கீரை போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. எந்த மண்ணாக இருந்தாலும் காசில்லாமல் ஒரு சோதனை உண்டு. ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். சில நிமிடத்தில் காணாமல் போனால் மணல். மறுநாளும் நின்றால் அடியில் மண் இறுகிக் கிடக்கிறது. தோண்டும்போது மண்புழு கண்ணில் பட்டதா என்பதையும் கவனியுங்கள்.

சாரிடம் எரிமலைக் கல்லைத் தூக்கிப் போட வேண்டாம் என்றேன். மக்கிய கோழி எருவும் தோட்டத்து மண்ணும் கலந்து, அதில் நாலில் ஒரு பங்கு மட்டும் இந்தக் கல் இருந்தால் தொட்டிக்கு நல்ல வடிகால். தோட்டத்து மண்ணை முதலில் பரிசோதித்துவிடலாம், மாதிரி கொண்டு வாருங்கள் என்றும் சொன்னேன்.

போன வாரம் கொண்டுவந்தார், அதே மைலோ டின்னில். "எங்கே எடுத்தீர்கள் சார்?"

"துளசி மாடத்துக்குப் பக்கத்தில். தினமும் அங்கேதான் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுவாள் அம்மா. நல்ல மண்ணாக இருக்கட்டுமே என்று பார்த்து எடுத்தேன்."

டின்னைத் திருப்பிக் கொடுத்து, பிளாஸ்டிக் வாளி இருக்கிறதா என்று கேட்டேன்.