சின்னக் கார் ஏன் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது?

1959 ஆகஸ்டில் பிரிட்டனில் அறிமுகமான மினி காரில் இருந்தது 848 சிசி எஞ்சின். அதன் ஆற்றல் வெறும் 34 குதிரைத்திறன். நேர்ச்சாலையில் அது யாரையும் அசத்தியிருக்காது. ஆனால் வளைவுகள் நிறைந்த சாலையில் அதை ஓட்டிப் பார்த்தவர்கள் இன்றும் அதன் ஸ்டியரிங்கைப் பற்றி ஓயாமல் பேசுவதற்குப் பழமையின் மீதான பாசம் மட்டும் காரணமல்ல. தெளிவான இயற்பியலும் இருக்கிறது.

1956-ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, குறைவாகக் குடிக்கும் சிறிய கார் ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளரிடம் வந்தது. அவர் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதன் அடியிலேயே பொருத்தினார். 10 அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். நான்கு பேர் அமரக்கூடிய கார் சுமார் 3.05 மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 600 கிலோ எடையிலும் அடங்கிவிட்டது.

ஒரு பொருளைத் திருப்புவது எவ்வளவு கடினம் என்பதை அதன் நிலைமத் திருப்புத்திறன் தீர்மானிக்கிறது. இது நிறையோடு நேர்விகிதத்திலும், அந்த நிறை மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரத்தின் இருமடியோடும் (வர்க்கத்தோடும்) கூடுகிறது. 4 மீட்டர் நீளமும் 1,200 கிலோ எடையும் கொண்ட காரோடு, 3 மீட்டரும் 600 கிலோவும் கொண்ட காரை ஒப்பிடுங்கள். நிறை ஒரே மாதிரி பரவியிருப்பதாகக் கொண்டால், சிறிய காரின் எடை பாதி, ஆனால் அதன் நிலைமத் திருப்புத்திறனோ பெரிய காரினதில் கால் பங்கைச் சற்றே தாண்டும் அளவுதான். ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் மூக்கு திரும்புவது இதனால்தான்.

என்னைக் கேட்டால், இதைவிடச் சுவையான விஷயம் டயருக்கு அடியில் நடக்கிறது. வளைவில் உருளும் டயரின் ரப்பர், சாலையைத் தொடும் பரப்பின் முன்விளிம்பில் அவ்வளவாக நெளிவதில்லை. பின்னோக்கிச் செல்லச் செல்ல நெளிவு கூடுகிறது. ஆகவே பக்கவாட்டு விசை அந்தப் பரப்பின் நடுவில் செயல்படாமல் சற்றுப் பின்தள்ளியே செயல்பட்டு, சக்கரத்தை நேராக்க முயல்கிறது. ஓட்டுநரின் உள்ளங்கையில் உணரப்படும் எதிர்ப்பில் பெரும்பங்கு இதுதான். வளைவில் வேகம் கூடும்போது அந்தப் பரப்பின் பின்பகுதி முதலில் வழுக்கத் தொடங்குகிறது. விசையின் புள்ளி முன்னோக்கி நகர, நேராக்கும் முயற்சி தளர்கிறது. முன்டயர்கள் பிடிப்பை முழுவதும் இழப்பதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங் இலேசாகிவிடுவதால், கைக்கு எச்சரிக்கை கிடைக்கிறது.

எடை குறைந்த மினிக்குப் பவர் ஸ்டியரிங் தேவைப்படவில்லை. எனவே இந்த நுட்பமான மாற்றம் ரேக் என்ற பற்சட்டம், பினியன் என்ற சிறு பற்சக்கரம் ஆகியவற்றின் வழியாக நேரே கைக்கு வந்தது. கனமான கார்களில் பவர் ஸ்டியரிங்கின் துணையில்லாமல் திருப்புவது கடினம். அந்தத் துணை, கையின் சுமையோடு டயரின் செய்தியையும் ஓரளவு குறைத்துவிடுகிறது.

வலுவான எஞ்சினும் டிஸ்க் பிரேக்கும் பெற்ற மினி கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தை வென்றது. அதற்காகப் பழைய மினியைக் குறையற்ற கார் என்று சொல்லிவிட முடியாது. எஃகுச் சுருள்களுக்குப் பதிலாக ரப்பர் கூம்புகள் தாங்கிய அந்தக் கார், மேடுபள்ளங்களில் முதுகைப் பதம் பார்த்தது. காற்றுப்பைகளும், மோதலில் நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கும் உடற்பகுதிகளும் அதில் இல்லை. இன்றைய கார்களின் கூடுதல் எடையில் கணிசமான பகுதி இப்படிப்பட்ட பாதுகாப்புக்காகவே சேர்ந்தது.