நாய்ப்புழுவுக்கு நாமும் ஓர் எலிதான்

நாய்க்குட்டியின் வயிறு பானை மாதிரி உப்பியிருந்தால் நன்றாகப் பால் குடித்திருக்கிறது என்று சந்தோஷப்படுவோம். பல நேரம் உள்ளே இருப்பது டாக்சோகாரா கேனிஸ் என்ற உருளைப்புழு. குட்டி அதைத் தெருவில் வாங்கவில்லை. தாயின் தசைகளில் உறங்கிக் கிடந்த இளம்புழுக்கள் சினைக்காலத்தின் கடைசி வாரங்களில் விழித்து, நஞ்சுக்கொடி வழியாகவே குட்டிக்குப் போய்விடுகின்றன. பிறந்து மூன்று, நாலு வாரத்தில் குட்டியின் மலத்தில் முட்டைகள் வரத் தொடங்கும்.

அப்போதுதான் போட்ட மலத்தால் தொற்று வராது. முட்டை மண்ணில் சில வாரங்கள் கிடந்து, உள்ளே இளம்புழு உருவாக வேண்டும். அதனால் குட்டியைக் கொஞ்சுகிறவரைவிட, மண்ணில் விளையாடிவிட்டு விரலைச் சப்பும் குழந்தைக்கே ஆபத்து அதிகம்.

விழுங்கிய முட்டை குடலில் பொரிகிறது. இளம்புழு குடல்சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி கல்லீரல், நுரையீரல், சில சமயம் மூளை, கண் என்று அலைகிறது. ஆனால் வளர்வதில்லை. எலிக்குள் போனாலும் இப்படித்தான்: வளராமல் சதைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். என்றாவது ஒரு நாய் அந்த எலியைத் தின்னும், அப்புறம் வளர்ந்துகொள்ளலாம் என்ற கணக்கு. குரங்கும் மனிதனும் அதற்கு இன்னும் இரண்டு எலிகள், அவ்வளவுதான். நம் குடலில் அது முட்டையிடாததால் மலப் பரிசோதனையில் சிக்காது; அதை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் ரத்தத்தில் தேட வேண்டும்.

1950இல் அமெரிக்காவில் ஹெலனார் வைல்டர் என்ற கண் நோயியலாளர், அறுவையில் அகற்றப்பட்ட 46 கண்களை மறுபடி ஆராய்ந்தார். பலவற்றை அகற்றியதே புற்றுநோய்ச் சந்தேகத்தில்தான். 24 கண்களில் இருந்தவை புழுவின் இளம் பருவமோ அதன் மிச்சமோ. அவற்றில் சில நாயின் உருளைப்புழு என்று பின்னர் தெரிந்தது.

வட அமெரிக்காவின் ரக்கூன் என்ற சிறு விலங்கின் உருளைப்புழு இன்னும் மோசம். அலையும்போதே பருத்துக்கொண்டு போவதால் மூளையில் பெரிய சேதம் செய்யும். விலங்குக் காட்சிச்சாலைக் குரங்குகளும் இதற்குப் பலியாகியிருக்கின்றன.

நாய்களின் கொக்கிப்புழுக்களில் பல, கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புகுந்து, சிவந்த கோடு போட்டு அரிப்பைத் தந்து, அங்கேயே செத்துப்போகும். ஒன்று முக்கியமான விதிவிலக்கு. அன்சைலோஸ்டோமா சிலானிக்கம், பெயரிலேயே சிலோன் இருக்கிறது. நாய், பூனைக் குடலில் போலவே மனிதக் குடலிலும் முழுதாக வளர்ந்து, ரத்தம் குடித்து, முட்டையும் இடும். ஊரில் மனிதர்களுக்கு மட்டும் பூச்சி மருந்து கொடுத்தால், நாய்கள் புழுவை மறுபடி மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.