“சாப்பிட்டீங்களா?” என்று கேட்காதீர்கள்

உணவுக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வரும் தொண்டர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வாசலில் நின்று “சாப்பிட்டீங்களா அக்கா?” என்று கேட்டுவிடாதீர்கள். நம்மிடையே அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி. காலையிலிருந்து வெறும் பிளேன்டீயோடு இருக்கும் வீட்டிலும் “ஓ, இப்பதான் சாப்பிட்டோம், உள்ள வாங்க” என்றுதான் பதில் வரும்.

சமூகப் போசாக்குத் துறையில் வேலை செய்கிறேன். கொழும்பின் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் கேள்வி கேட்கப் போகும் இளைஞர்களைப் பழக்குவது அதில் ஒரு பகுதி. பெரும்பாலும் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள். வெளியாளுக்குத் திறக்காத கதவு அவர்களுக்குத் திறக்கும். ஆனால் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், “கடையில கடன் கொப்பி நிரம்பிட்டுது” என்று எந்தத் தாய் சொல்வாள்? அதனால் யாரையும் அவரவர் ஒழுங்கைக்கு அனுப்புவதில்லை, அடுத்த ஒழுங்கைக்குத்தான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்த எண் பிறகு இறங்கியது. விலை ஏறும் வேகம்தான் இறங்கியது, விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. இந்த வித்தியாசத்தைக் கடைக்குப் போகிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் பயன்படுத்துவது ஐ.நா.வின் உணவு மற்றும் விவசாய அமைப்பு உருவாக்கிய எட்டுக் கேள்விகள். பணமோ வேறு வசதியோ இல்லாததால் உணவு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பதில் தொடங்கி, ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் முடியும். ஆம், இல்லை, அவ்வளவுதான் பதில். பார்க்க எளிது. சிக்கல் எல்லாம் தமிழில் கேட்கும்போதுதான்.

‘சாப்பாடு’ என்றால் நமக்குச் சோறு. இரவில் பாண் சம்பலோடு படுத்தவர் “சாப்பிடல்ல” என்பார். மத்தியானம் இரண்டு பிஸ்கட்டோடு சமாளித்தவர் “சாப்பிட்டேன்” என்பார். வேளை தவறியதா இல்லையா? அதைத் தொண்டர் தானாக முடிவு செய்யக் கூடாது, என்ன சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும். ‘பட்டினி’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். பசி எல்லாருக்கும் வரும். பட்டினி என்றால் அவமானம். ஒரு தொண்டர் அச்சொல்லைச் சொன்ன மறுகணமே ஓர் ஐயா எழுந்து உள்ளே போய்விட்டார்.

விரதம் இன்னொரு பொறி. வெள்ளிக்கிழமை விரதம், நோன்பு, தவக்காலம் மூன்றும் ஒரே தொடர்மாடியில் இருக்கும். ‘பணம் இல்லாததால்’ என்ற பகுதியை அவசரத்தில் விழுங்கிவிட்டால், பக்தியெல்லாம் வறுமையாகப் பதிவாகும். ஒவ்வொரு கேள்வியிலும் அதைத் திரும்பச் சொல்வது சலிப்பாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.

“பேர் பதியிறீங்களா தம்பி, அஸ்வெசும கிடைக்குமா?” என்று அரசின் நலன்புரி உதவித்தொகையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அந்த இடத்தில் மனம் இளகி “பார்ப்போம் அம்மா” என்று சொல்வதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. கிடைக்காது, இது ஆய்வு மட்டும், விருப்பமில்லாவிட்டால் பாதியில் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டை இலக்கம் கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை. குழந்தை மிகவும் மெலிந்திருப்பதைக் கண்டால், தாயிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸைப் பார்க்க வழி செய்வோம். அது ஆய்வில் சேராது; மனிதர் செய்ய வேண்டியது.

தேநீர் விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் சண்டை. மறுத்தால் வீட்டார் முகம் சுருங்கும். குடித்தால், பிள்ளைக்கென்று வாங்கிய சின்னப் பால்மா பைக்கற் நமக்காக வெட்டப்படும். “எனக்குப் பிளேன்டீதான் பிடிக்கும்” என்று முந்திக்கொள்ளச் சொல்கிறேன். பொய்தான், தொழிலில் நான் அனுமதிக்கும் ஒரே பொய்.

முடிவுகளை அறிக்கையாக்கி மேலே அனுப்புவதோடு நிறுத்தாமல், கேட்ட இடத்திலேயே போய்ச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். தொண்டராகச் சேருவதற்கு முன் நீங்களும் இதை ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: திரும்பிப் போவீர்களா? ஒருமுறை அப்படிப் போனபோது, ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் பாதிகூட நிரம்பவில்லை. வந்தவர்களில் ஓர் அம்மா எட்டுக் கேள்விகளையும் மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “பிள்ளைக்கு வச்சிட்டு நாங்க குறைச்சத யாரும் கேக்கலயே?” என்றார்.

உண்மைதான், அந்த எட்டில் அது இல்லை. வேறொரு அளவுகோலில் இருக்கிறது: பிள்ளைகள் சாப்பிடுவதற்காகப் பெரியவர்கள் தங்கள் பங்கைக் குறைத்த நாட்கள், கடந்த ஏழு நாளில் எத்தனை? இப்போது எங்கள் படிவத்தில் அது ஒன்பதாவது கேள்வி.