கைக்குள் அடங்கும் சூடு

தீபாவளிக்கு முன் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு வெள்ளையடிக்கும்போது, பழைய மண்ணெண்ணெய் டின்னில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுப்பும் விறகும் இல்லாமலே சற்று நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி கிளம்பும். பாட்டி எங்களைக் கிட்டே அண்ட விடமாட்டார். மலேசியாவின் தாப்பா நகரில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மாலை வேளையில் இரசாயனம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, வெப்ப இரசாயனப் பாடத்தில் கைச்சூட்டுப் பை வடிவமைக்கும் செயல்திட்டம் வரும்போதெல்லாம் அந்த டின்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த வெக்கையில் சூட்டுப் பை எதற்கு என்று மாணவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் 1,400 மீட்டருக்கு மேலுள்ள கேமரன் மலை நகரமான தானா ராத்தா வந்துவிடுகிறது. அங்கே விடியற்காலையில் வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. அந்தக் குளிரில் தேயிலைத் தோட்டத்தில் நிற்பவரின் விரல் விறைத்துப்போகிறது. அவருடைய கைக்குத் தேவையானது 42 டிகிரி அளவிலான சூடு. 45 டிகிரியைத் தாண்டிய பொருளை நெடுநேரம் பிடித்திருந்தால் தோல் வெந்துவிடும் என்பதால், பாட்டியின் சுண்ணாம்பு இதற்கு உதவாது. அது நீரைக் கொதிக்கவே வைத்துவிடும். பை கிழிந்தால் தோலையும் கண்ணையும் அரிக்கும்.

பள்ளி ஆய்வகத்துக்கு ஏற்றது நீரற்ற கால்சியம் குளோரைடு என்ற உப்பு. இந்த உப்பு நீரில் கரையும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. படிகத்தில் இறுகப் பிணைந்திருக்கும் அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களை, பிரிக்க ஆற்றல் செலவாகிறது. பிரிந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் வெளிவருகிறது. கால்சியம் அயனி சிறியது, இரட்டை நேர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே நீரை வலுவாக ஈர்க்கிறது. செலவைவிட வரவு மிகுந்து, ஒரு மோல் உப்புக்கு, அதாவது 111 கிராமுக்கு, ஏறக்குறைய 82 கிலோஜூல் வெப்பம் மிஞ்சுகிறது.

நீரின் மீதுள்ள இந்த ஈர்ப்பே நம் ஊரில் பெரிய இடைஞ்சலும் ஆகிறது. ஒருமுறை என் மாணவர் குழு ஒன்று, பாதி மூடிய புட்டியில் ஒரு வாரம் கிடந்த உப்பை எடுத்துக் கரைத்தது. வெப்பமானி எதிர்பார்த்ததில் பாதிகூட ஏறவில்லை. கணக்குத் தவறு என்று அவர்கள் இரண்டு நாள் தேடினார்கள். கணக்கில் பிழை இல்லை. மணிமணியாக இருந்த உப்பு ஒன்றோடொன்று ஒட்டி, விரலில் பிசுபிசுத்தது. காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்து, கைக்குத் தரவேண்டிய வெப்பத்தை அது புட்டிக்குள்ளேயே மெல்ல மெல்லச் செலவழித்துவிட்டது. துணி அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் நீர் சேர்வதும் பெரும்பாலும் இதே உப்பினால்தான்.

இதைக் கண்டுபிடிக்கத் தராசு ஒன்றே போதும். நீரற்ற உப்பு 10 கிராம் எடுத்துத் திறந்துவைத்தால், 13.2 கிராம் ஆகும்போது ஒவ்வொரு கால்சியம் அயனிக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும். வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். 19.7 கிராம் ஆனால் ஆறு மூலக்கூறுகள் சேர்ந்துவிட்டன என்று பொருள். அந்த நிலையில் உப்பு கரையும்போது நீர் சூடாகாது, குளிரும்! எந்த மாணவர் இந்த எடை மாற்றத்தையும் வெப்பநிலை உயர்வையும் ஒரே வரைபடத்தில் காட்டுகிறாரோ, அவருடைய அறிக்கையைத்தான் நான் முதலில் எடுத்துப் படிப்பேன்.

இனி அளவுக்கு வருவோம். 16 டிகிரியிலுள்ள 50 மில்லிலிட்டர் நீரை 42 டிகிரிக்கு உயர்த்த, ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 ஜூல் வேண்டும் என்பதால், 50 × 4.2 × 26 என்று பெருக்கினால் சுமார் 5,460 ஜூல் தேவை. இதை 82,000-ஆல் வகுத்து 111-ஆல் பெருக்கினால் 7.4 கிராம் உப்பு வருகிறது. பையும் காற்றும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால் 8 கிராமில் தொடங்கி, பொலிஸ்ட்ரீன் கோப்பையில் கலக்கியபடி அளந்து திருத்தலாம். அதே 8 கிராமைத் தாப்பாவின் 28 டிகிரி நீரில் கரைத்தால் வெப்பநிலை 50-ஐத் தாண்டிவிடும். ஆகவே பை எந்த ஊருக்கு என்பதை முதலில் முடிவு செய்யாமல் அளவை முடிவு செய்ய இயலாது.

பையின் அமைப்பு எளியது. குழாயில் உறையவைத்து உண்ணும் ‘ஐஸ்கிரீம் மலேசியா’ செய்யப் பயன்படும் மெல்லிய நெகிழிக் குழாயில் நீரை நிரப்பி முடிச்சிட்டு, உப்போடு சேர்த்துத் தடித்த பைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அழுத்தினால் உள்ளே இருப்பது உடைய வேண்டும், வெளியே இருப்பது தாங்க வேண்டும். சோதிக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; கரைசல் புண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

இந்தப் பை அரை மணி நேரத்துக்குள் ஆறிவிடும் என்பதே இதன் குறை. கடையில் விற்கும் பைகள் பல மணி நேரம் சூடாக இருப்பதற்குக் காரணம், அவற்றுக்குள் இரும்புத்தூள் துருப்பிடிப்பதுதான். ஈரமும் சாதாரண உப்பும் கரித்தூளும் அதை விரைவுபடுத்துகின்றன. ஒரு கிராம் இரும்பு முழுவதும் துருவானால் ஏறக்குறைய 7 கிலோஜூல் கிடைக்கும். 20 கிராமுக்கு 30 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். அந்தக் காற்றைப் பையின் நுண்துளைகள் கொஞ்சம் கொஞ்சமாகவே உள்ளே விடுவதால் சூடு மிகாமல் நீடிக்கிறது. பயன்பாட்டுக்கு இதுவே மேல் என்றாலும், இரண்டு மணி நேர ஆய்வக வகுப்புக்குள் இதை அளந்து முடிக்க முடியாது.

திரும்பத் திரும்பப் பயன்படுத்த விரும்புவோர் சமையல் வினிகரையும் சோடா மாவையும் (பேக்கிங் சோடா) கலந்து சோடியம் அசிட்டேட் செய்யலாம். ஐந்து விழுக்காட்டு வினிகர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 70 கிராம் சோடா மாவு. நுரை அடங்கியபின் நன்றாக வற்றக் காய்ச்ச வேண்டும். இதன் நீரேறிய படிகம் 58 டிகிரியில் உருகும். அந்தத் திரவத்தைப் பையில் அடைத்து அசைக்காமல் ஆறவிட்டால் அறை வெப்பநிலையிலும் உறையாமல் தெளிவாகவே நிற்கும். ஒரு சிறு படிகத்தை அதில் போட்டதும் வெள்ளை ஊசிகள் அந்தப் புள்ளியிலிருந்து விசிறிபோல் பரவுகின்றன. சில நொடிகளில் பை முழுவதும் இறுகி, உள்ளங்கை சூட்டை உணர்கிறது. ஆறிய பையைக் கொதிநீரில் போட்டு எடுத்தால், ஊசிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து மறுபடியும் தெளிந்த திரவமாகிவிடும்.